மெல்ல மேலே வா: ஒரு விதியின் கடல் பயணம்

ஸ்கூபா டைவர் ஒருவர் ஆழத்திலிருந்து ஏறி வருகிறார். தலைக்கு மேலே படகின் அடிப்பாகம் தெரிகிறது, வெயில் தெரிகிறது. இன்னும் 5 மீட்டர்தான். அங்கே வந்ததும் நின்றுவிடுகிறார். நங்கூரக் கயிற்றைப் பிடித்தபடி 3 நிமிடம் அப்படியே இருந்துவிட்டு, அதன் பிறகுதான் தண்ணீருக்கு வெளியே தலையை நீட்டுகிறார். அந்தமானிலோ புதுச்சேரியிலோ டைவிங் பழகியவர்களுக்கு இது தெரிந்த சங்கதிதான். பயிற்சியாளர் சொன்னார், செய்தோம் என்று விட்டுவிடுவோம். ஆனால் அந்த 3 நிமிடத்துக்குப் பின்னால் ஒரு பிரெஞ்சுச் சுரங்கம், இரண்டு அமெரிக்கப் பாலங்கள், லண்டன் ஆய்வகத்தில் நொண்டிய ஆடுகள், கிரேக்கத் தீவொன்றின் நடனம் எல்லாம் இருக்கின்றன. இந்த வரலாற்றைத் தொடர்ந்து படித்தால் ஒரு விஷயம் உறுத்தும். தண்ணீருக்குள் போகும் கருவி நாடு விட்டு நாடு வேகமாகப் போய்விடுகிறது. அதைக் கட்டிக்கொண்டு உயிரோடு திரும்புவது எப்படி என்ற விதியோ பல ஆண்டுகள் கழித்துத்தான் வந்து சேர்கிறது.

கதையை நம் கடலிலிருந்தே தொடங்கலாம். 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் பாண்டிய நாட்டுக் கரைக்கு வந்த மார்க்கோ போலோ, முத்துக்குளிப்பைப் பற்றி விரிவாகவே சொல்லியிருக்கிறார். வணிகர்கள் கூட்டுச் சேர்ந்து தோணியும் ஆட்களும் அமர்த்துகிறார்கள். எடுத்த முத்தில் பத்தில் ஒரு பங்கு அரசனுக்குப் போகிறது. இருபதில் ஒரு பங்கு யாருக்குப் போகிறது தெரியுமா? சுறா போன்ற பெரிய மீன்களை மந்திரத்தால் கட்டிப்போடுகிறவர்களுக்கு. அந்தக் கட்டும் பகலுக்கு மட்டும்தான். இருட்டியதும் அவிழ்த்துவிடுவார்களாம். அப்புறம் திருட்டுத்தனமாக இறங்க எவனுக்குத் துணிச்சல் வரும்? மன்னார்ப் பக்கம் இவர்களைக் கடல்கட்டி என்பார்கள். 19ஆம் நூற்றாண்டில் இலங்கையின் முத்துப்பார்களை நிர்வகித்த ஆங்கிலேய அரசுகூடக் கடல்கட்டியை ஒதுக்கிவிடவில்லை. அவர் இல்லாமல் குளியாட்கள் கடலில் இறங்கத் தயாராக இல்லை. ஆழத்து ஆபத்தைத் தடுப்பதற்கென்று வருமானத்தில் ஒரு பங்கை எடுத்து வைக்கும் வழக்கம் நம் கரையில் அத்தனை பழையது.

அந்தக் குளியாட்கள் கல் கட்டிய கயிற்றில் காலை வைத்து, மூக்கைப் பொத்திக்கொண்டு சில பாகம் ஆழத்துக்கு இறங்குவார்கள். ஏறக்குறைய ஒரு நிமிடம் சிப்பியை அள்ளுவார்கள். கயிறு அசைந்ததும் தோணியில் இருப்பவர் மேலே இழுத்துவிடுவார். சுறாவும் மூச்சுத்திணறலும்தான் அவர்களுடைய கவலை. வேகமாக ஏறியதால் கால் முடங்கிப்போகும் ஆபத்து அவர்களைப் பெரும்பாலும் அண்டவில்லை. காரணம், அவர்கள் கொண்டுபோனது மேலே இழுத்த ஒரே ஒரு மூச்சுக் காற்று. ஆழத்தில் நின்று புதிய காற்றைத் திரும்பத் திரும்பச் சுவாசிக்கிறவர்களுக்கு வரும் நோய் அது. அப்படிச் சுவாசிக்க வழி பிறந்த பிறகுதான் அந்த நோயும் பிறந்தது.

நோய் வருவதற்கு முன்பே அதன் அடையாளத்தை ஒருவர் பார்த்துவிட்டார் என்பதுதான் விந்தை. வாயுவை எவ்வளவு அழுத்துகிறோமோ அவ்வளவு சுருங்கும் என்ற விதியைப் பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். அந்த ராபர்ட் பாயில், கண்ணாடிக் குடுவைக்குள் ஒரு விரியன் பாம்பை வைத்துக் காற்றை உறிஞ்சி எடுத்தார். பாம்பின் கண்ணுக்குள் இருக்கும் நீரில் ஒரு குமிழி இங்கும் அங்கும் நகர்வதைக் கண்டார். 1670ல் அதை எழுதியும் வைத்தார். அழுத்தம் சட்டென்று குறைந்தால் உயிருள்ள உடம்புக்குள் குமிழி உண்டாகும் என்பதற்கு அதுதான் முதல் சாட்சி. ஆனால் அதனால் யாருக்கு என்ன ஆகும் என்று கேட்க அன்றைக்கு ஆளில்லை. அந்தப் பாம்பு 170 ஆண்டுகள் காத்திருந்தது.

கேள்வியைக் கொண்டு வந்தவர்கள் கடலோடிகள் அல்ல, நிலக்கரித் தொழிலாளிகள். பிரான்சில் லுவார் ஆற்றங்கரையில், ஷலோன் என்ற ஊருக்குப் பக்கத்தில், ஈர மணலுக்கு அடியில் நிலக்கரி இருந்தது. தோண்டினால் தண்ணீர் ஊறிக்கொண்டே இருந்தது. ஷாக் த்ரிஷே என்ற பொறியாளர் ஒரு பெரிய இரும்புக் குழாயை மணலில் இறக்கி, நீராவி எஞ்சினால் அதற்குள் காற்றை அழுத்தினார். காற்று தண்ணீரை வெளியே தள்ளியது. ஆட்கள் காலை நனைக்காமல் உள்ளே நின்று தோண்டினார்கள். 1841ல் அவர் எழுதிய அறிக்கையில் போகிற போக்கில் ஒரு செய்தி வருகிறது: 7 மணி நேரம் உள்ளே இருந்த இரண்டு தொழிலாளிகளுக்கு, வெளியே வந்து அரை மணி நேரத்தில் மூட்டுகளில் கடுமையான வலி. சாராயம் தேய்த்துவிட்டதில் சரியாகி வேலைக்குத் திரும்பினார்களாம். 1854ல் போல், வத்தேல் என்ற இரண்டு பிரெஞ்சு மருத்துவர்கள் இதே முறையில் நடந்த இன்னொரு சுரங்கத்தைக் கவனித்துவிட்டு முக்கியமான ஒன்றைச் சொன்னார்கள். அழுத்தத்துக்குள் போகும்போது எந்தக் கேடும் இல்லை, வெளியே வரும்போதுதான் எல்லாக் கேடும். வலி வந்தவர் மறுபடி உள்ளே போனால் வலி போய்விடுகிறது. தடுப்பும் மருந்தும் இரண்டுமே அந்தக் கவனிப்புக்குள் இருந்தன. ஆனால் உலகம் எடுத்துக்கொண்டது இரும்புக் குழாயை மட்டும்தான்.

ஆற்றுக்குள் பாலத் தூண் கட்டுகிறவர்களுக்கு அந்தக் குழாய் வரப்பிரசாதமாக அமைந்தது. மிசிசிப்பி ஆற்றின் மேல் செயின்ட் லூயிஸ் நகரில் பாலம் கட்டிய ஜேம்ஸ் ஈட்ஸ், உடம்பு சரியில்லாமல் பிரான்சுக்குப் போயிருந்தபோது விஷி நகரில் இந்த முறையில் பாலம் கட்டுவதைப் பார்த்து, ஊர் திரும்பி அதையே பல மடங்கு பெரிதாகச் செய்தார். அவருடைய தூண் ஒன்று 28 மீட்டர் ஆழத்தையும் தாண்டிப் பாறையைத் தொட்டது. 1870ன் தொடக்கத்திலேயே ஆட்கள் விழ ஆரம்பித்தார்கள். அந்தப் பாலத்துக்காக ஒரு டஜனுக்கும் மேற்பட்ட தொழிலாளிகள் செத்தார்கள். மணிக்கட்டிலும் கணுக்காலிலும் துத்தநாகமும் வெள்ளியும் மாற்றி மாற்றிக் கோத்த பட்டைகளைக் கட்டிக்கொண்டார்கள், அதிலிருந்து வரும் மின்சாரம் காப்பாற்றும் என்ற நம்பிக்கையில். மன்னாரில் கடல்கட்டிக்குக் கொடுத்த இருபதில் ஒரு பங்குக்கும் மிசிசிப்பியில் கட்டிய இந்தப் பட்டைக்கும் இடையில் எனக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ஆபத்து கண்ணுக்குத் தெரிகிறது, காரணம் தெரியவில்லை. அப்போது மனிதன் கையில் கிடைப்பதைக் கட்டிக்கொள்கிறான். ஈட்ஸ் அமர்த்திய மருத்துவர் அல்ஃபோன்ஸ் ஜாமினே தானே உள்ளே போய்ப் பார்த்தார். சில நிமிடங்களில் அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டு வெளியே வந்தவர், கை கால் விளங்காமல் வீட்டில் படுத்தார். பிழைத்து எழுந்தவர் தொழிலாளிகளின் வேலை நேரத்தைக் குறைத்தார்.

அடுத்தது நியூயார்க்கின் புரூக்ளின் பாலம். அதன் தலைமைப் பொறியாளர் வாஷிங்டன் ரோப்ளிங்கும் இந்த முறையைக் கற்கவே ஐரோப்பாவைச் சுற்றி வந்தவர். 1872ல் மன்ஹாட்டன் பக்கத் தூண் ஏறக்குறைய 24 மீட்டரை எட்டியபோது மரணங்கள் தொடங்கின. பாறை இன்னும் கீழே இருந்தது. அங்கே போனால் எத்தனை பேர் சாவார்கள் என்று கணக்குப் பார்த்த ரோப்ளிங், தோண்டுவதை நிறுத்தச் சொன்னார். அந்தத் தூண் இன்றைக்கும் கெட்டியான மணல் மேல்தான் நிற்கிறது. ஆனால் அவரையே நோய் தாக்கிவிட்டது. மிச்சக் காலத்தில் பெரும்பகுதியை அவர் அறைக்குள் கழிக்க, மனைவி எமிலி அவருக்கும் கட்டுமானத்துக்கும் நடுவில் நின்று வேலையை நடத்தி 1883ல் பாலத்தை முடித்தார். பாலத்தின் மருத்துவர் ஆண்ட்ரூ ஸ்மித், நோயாளியை மறுபடி அழுத்தத்தில் வைக்க ஓர் அறை கட்டலாம் என்று எழுதினார். அங்கே யாரும் கட்டவில்லை. பிறகு கட்டியவர் எர்னஸ்ட் மாயர் என்ற பொறியாளர். 1890ஐ ஒட்டி அதே நியூயார்க்கில், ஹட்சன் ஆற்றுக்கு அடியில் சுரங்கப்பாதை தோண்டிய இடத்தில், ஆண்டுக்கு நாலில் ஒரு தொழிலாளி செத்துக்கொண்டிருந்தார். மாயர் ஓர் இரும்பு உருளையைக் கொண்டு வந்து வைத்து, வலி வந்தவரை உள்ளே படுக்க வைத்து, அழுத்தத்தை ஏற்றி மெதுவாக இறக்கினார். அதற்குப் பிறகு 15 மாதங்களில் செத்தவர்கள் இரண்டே பேர்.

பாலம் கட்டுகிறவர்களுக்காவது பக்கத்தில் மருத்துவர் இருந்தார். கிரேக்கத் தீவுகளில் அதுவும் இல்லை. லண்டனில் அகஸ்டஸ் சீபே 1830களின் கடைசியில் செம்புத் தலைக்கவசமும் நீர் புகாத உடுப்புமாக ஒரு டைவிங் உடையைச் செய்தார். ஸ்பிட்ஹெட் துறையில் மூழ்கிய ராயல் ஜார்ஜ் என்ற போர்க்கப்பலை அகற்ற கர்னல் பாஸ்லி அந்த உடையைப் பயன்படுத்தினார். அந்த வேலையில் அவர் டைவர்களை இரண்டிரண்டு பேராக இறக்கி, ஒருவருக்கு ஒருவர் பொறுப்பு என்று வைத்தார். இன்று ஸ்கூபா வகுப்பின் முதல் நாளில் நமக்கு ஒரு ஜோடியைக் கைகாட்டுகிறார்களே, அந்தப் பழக்கத்துக்கு வேர் அங்கே இருக்கிறது.

1860களில் அந்த உடை ஏஜியன் கடலின் சிமி, கலிம்னோஸ் தீவுகளுக்குப் போனது. அதுவரை மூச்சடக்கிக் கடற்பஞ்சு எடுத்தவர்களால் இப்போது மணிக்கணக்கில் ஆழத்தில் நடக்க முடிந்தது. ஒரே பருவத்தில் பழைய வருமானத்தின் பல மடங்கு வந்தது. வியாபாரிகள் முன்பணம் கொடுத்து ஆட்களைப் பிடித்தார்கள். முன்பணம் வாங்கியவனுக்கு மெதுவாக ஏற நேரம் ஏது? 1866க்கும் 1915க்கும் இடையில் ஏறக்குறைய 10,000 டைவர்கள் இறந்தார்கள், 20,000 பேர் முடமானார்கள் என்பது பரவலாகச் சொல்லப்படும் மதிப்பீடு. கலிம்னோஸில் மிகானிகோஸ் என்று ஒரு நடனம் இருக்கிறது. வரிசையில் எல்லோரும் துள்ளி ஆட, முன்னால் நிற்பவர் மட்டும் கோலை ஊன்றி, நடுங்கும் காலை ஊன்ற முயன்று தடுமாறி ஆடுவார். முடங்கிப்போன டைவர் அவர். பக்கத்தில் இருப்பவர் அவரைத் தாங்கிப் பிடித்துக்கொண்டே ஆடுவார்.

இந்தத் தீவுக்காரர்களால் உலகத்துக்கு ஒரு புதையலும் கிடைத்தது. 1900ல் சிமியைச் சேர்ந்த படகு ஒன்று புயலுக்கு ஆன்டிகிதெரா தீவோரம் ஒதுங்கியது. எலியாஸ் ஸ்டாடியாடிஸ் என்ற டைவர் சும்மா இறங்கிப் பார்த்துவிட்டு, கீழே குவியல் குவியலாகப் பிணங்கள் கிடக்கின்றன என்று அலறிக்கொண்டு மேலே வந்தார். அவை பிணங்கள் அல்ல, இரண்டாயிரம் ஆண்டுப் பழைய சிலைகள். அந்தச் சிதைவிலிருந்து கிடைத்ததுதான் கிரகங்களின் ஓட்டத்தைக் கணக்கிட்ட புகழ்பெற்ற பல்சக்கரக் கருவி. அதை ஏதென்ஸ் அருங்காட்சியகத்தில் பார்க்கிறவர்களில் எத்தனை பேருக்குத் தெரியுமோ, அந்த வேலையில் ஒரு டைவர் செத்தார், இரண்டு பேர் முடங்கினார்கள்.

இத்தனைக்கும் காரணம் அதற்குள் தெரிந்துவிட்டிருந்தது. பால் பேர் என்ற பிரெஞ்சு அறிஞர் 1878ல் வெளியிட்ட பெரிய நூலில் எல்லாவற்றையும் விளக்கிவிட்டார். ஆழத்தில் சுவாசிக்கும் காற்றிலிருந்து நைட்ரஜன் ரத்தத்திலும் தசையிலும் கரைந்து சேர்கிறது. ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுவதால், ஆழம் கூடக்கூடக் கரைவதும் கூடுகிறது. சட்டென்று மேலே வந்தால், மூடியைத் திறந்த சோடா பாட்டில் பொங்குகிற மாதிரி, கரைந்தது குமிழியாக வெளிப்பட்டு மூட்டிலும் முதுகுத்தண்டிலும் அடைத்துக்கொள்கிறது. மெதுவாக ஏறுங்கள் என்றார் பேர். எவ்வளவு மெதுவாக என்பதற்கு அவரிடம் அட்டவணை இல்லை. பிறகு அவர் அரசியலுக்குப் போய், வியட்நாமில் பிரெஞ்சு ஆட்சியின் தலைவராகி, 1886ல் ஹனோயில் காலமானார். 

அட்டவணை கொடுத்தவை ஆடுகள். பிரிட்டிஷ் கடற்படை கேட்டுக்கொண்டதன் பேரில் ஜான் ஸ்காட் ஹால்டேன் என்ற உடலியல் அறிஞர், லண்டன் லிஸ்டர் நிறுவனத்தில் ஓர் இரும்பு அறையில் ஆடுகளை அடைத்து அழுத்தம் ஏற்றி இறக்கினார். சுரங்கத்தில் விஷவாயுவை அறியக் கேனரிப் பறவையைக் கொண்டு போகச் சொன்னவரும் இவர்தான். வெளியே வந்த ஆடு முன்னங்காலைத் தூக்கி வைத்துக்கொண்டு ஊன்றாமல் நின்றால், அதற்கு மூட்டு வலி வந்துவிட்டது என்று பொருள். ஆட்டால் பொய் சொல்ல முடியாது, வலியை மறைத்து வேலைக்குத் திரும்பவும் அதற்குத் தேவையில்லை. இரண்டு வளிமண்டல அழுத்தத்தில் எவ்வளவு நேரம் இருந்தாலும், ஒன்றுக்கு நேராக வந்தால் ஆட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. அப்படியானால் நான்கிலிருந்து இரண்டுக்கும் அப்படி வரலாமே என்று யோசித்தார் ஹால்டேன். பேர் சொன்னது ஒரே சீராக மெல்ல ஏறச் சொல்லி. ஹால்டேன் மாற்றினார்: முதலில் அழுத்தம் பாதியாகும் வரை விரைந்து ஏறு, பிறகு நில், கொஞ்சம் ஏறு, மறுபடி நில், மேலே வர வர அதிக நேரம் நில். நின்று நின்று ஏறும் அந்த அட்டவணை 1908ல் அச்சாகி வந்தது. பாய்காட், டேமண்ட் என்ற இரண்டு பேர் அதில் அவருடைய கூட்டாளிகள்.

அந்த டேமண்ட் பிறகு செய்ததைப் படித்தால் விதியின் மதிப்பு புரியும். 1917ல் லாரன்டிக் என்ற கப்பல் 3,211 தங்கக் கட்டிகளோடு அயர்லாந்துக் கரையோரம் கண்ணிவெடியில் மூழ்கியது. ஆழம் ஏறக்குறைய 40 மீட்டர், குளிர்ந்த முரட்டுக் கடல். டேமண்டும் அவருடைய டைவர்களும் 1924 வரை ஆயிரக்கணக்கான முறை இறங்கி 3,186 கட்டிகளை மீட்டார்கள். ஒருவரும் சாகவில்லை. அதே காலத்தில் மேற்கு ஆஸ்திரேலியாவின் புரூம் நகரில், முத்துச்சிப்பி எடுக்கப் போன ஜப்பானிய டைவர்களுக்குக் கல்லறை மேல் கல்லறையாக எழுந்துகொண்டிருந்தது. அச்சடித்த அட்டவணை இருந்தும் அந்தச் சாவுகள் நிற்கவில்லை.

ஹால்டேனின் மகன் ஜாக்குக்கு 13 வயதிலேயே அப்பாவின் ஆராய்ச்சிக்காக ஸ்காட்லாந்துக் கடலில் இறங்கிய அனுபவம் உண்டு. உடுப்பு அவனுக்குப் பெரிது. மணிக்கட்டு வழியாகத் தண்ணீர் புகுந்து நனைந்தே மேலே வந்தான். அந்தப் பையன்தான் மரபியல் அறிஞர் ஜே.பி.எஸ். ஹால்டேன். 1939ல் தீட்டிஸ் என்ற பிரிட்டிஷ் நீர்மூழ்கிக் கப்பல் மூழ்கி 99 பேர் இறந்தபோது, அதிலிருந்து தப்பும் வழியைத் தேடித் தன்னையே அழுத்த அறையில் அடைத்துக்கொண்டு பரிசோதித்தார். அழுத்தத்தில் ஆக்ஸிஜனே விஷமாகி வலிப்பு வந்ததில் அவருடைய முதுகெலும்பு அடிபட்டது. 1957ல் இந்தியாவுக்கு வந்து குடியுரிமையும் பெற்று, கல்கத்தாவிலும் புவனேஸ்வரத்திலும் பணியாற்றி, 1964ல் இங்கேயே மறைந்தார்.

இனி ஸ்கூபா. 1943ல் போர்க்காலப் பிரான்சில் பெட்ரோலுக்குத் தட்டுப்பாடு. காரை எரிவாயுவில் ஓட்டுவதற்காக எமில் கான்யான் என்ற பொறியாளர் ஒரு வால்வு செய்து வைத்திருந்தார். கடற்படை அதிகாரி ஷாக் குஸ்தோ அதைப் பார்த்து, மூச்சை இழுக்கும்போது மட்டும் காற்று தரும் கருவியாக அவரோடு சேர்ந்து மாற்றினார். மேலிருந்து குழாய் வேண்டாம், பம்ப் அடிக்க ஆள் வேண்டாம். கடல் எல்லோருக்கும் திறந்துவிட்டது. விபத்துகளும் உடனே ஆரம்பித்தன. 1946ல் வோக்ளூஸ் என்ற ஊற்றுக் குகைக்குள் இறங்கிய குஸ்தோவும் அவருடைய கூட்டாளி துமாவும் அரை மயக்கத்தில் செத்துப் பிழைத்தார்கள். சிலிண்டரில் காற்று நிரப்பிய கம்ப்ரசர் தன் எஞ்சின் புகையையே உறிஞ்சி உள்ளே அனுப்பியிருந்தது. அவர்கள் சுவாசித்தது கார்பன் மோனாக்ஸைடு. மேலே கயிற்றைப் பிடித்திருந்த மோரீஸ் ஃபார்க் சமயத்தில் இழுத்ததால் உயிர் தப்பினார்கள். அந்த ஃபார்க், மறு ஆண்டு சாதனை முயற்சி ஒன்றில் 120 மீட்டர் வரை இறங்கினார். கயிற்றில் கட்டியிருந்த பலகையில் கையெழுத்துப் போட்டுவிட்டு, அழுத்தத்தில் நைட்ரஜன் தரும் போதையில் நினைவிழந்தார். இந்த முறை கயிற்றை இழுத்தபோது உயிர் இல்லை.

அமெரிக்கக் கடற்படையில் நடந்த ஒன்று, விதிகள் எப்படிப் பிறக்கின்றன என்பதற்கு நல்ல சான்று. 1950களில் ஏறும் வேகத்தை முடிவு செய்ய வேண்டியிருந்தது. துடுப்புக் கால் கட்டிய தவளை வீரர்கள் நிமிடத்துக்கு 100 அடி வேண்டும் என்றார்கள். செம்புத் தலைக்கவசக்காரர்களைக் கயிற்றில் கட்டி அந்த வேகத்தில் இழுக்கவே முடியாது. அவர்களுக்கு அதில் கால்வாசி போதும். இரண்டு தரப்பும் பேசி 60 அடி என்று முடிவு செய்தார்கள், நொடிக்கு ஓர் அடி, எண்ணுவதற்கும் வசதி. ரத்தத்தைப் பார்த்து வந்த எண் அல்ல அது. ஆனாலும் பயிற்சி நிறுவனங்கள் அதை அப்படியே பிரதி எடுத்தன, உலகம் முழுக்க லட்சக்கணக்கானவர்கள் பல ஆண்டுகள் அந்த வேகத்தில் ஏறினார்கள். 1970களில் கலிபோர்னியாவின் கேட்டலினா தீவில் ஆண்ட்ரூ பில்மானிஸ், டைவ் முடித்தவர்களின் ரத்த ஓட்டத்தை ஒலிக்கருவியால் கேட்டார். வலி எதுவும் இல்லாதவர்களின் ரத்தத்திலும் குமிழிகள் ஓடும் சத்தம் கேட்டது. மேலே வருமுன் சில நிமிடம் ஆழம் குறைந்த இடத்தில் நின்றவர்களிடம் அந்தச் சத்தம் பெருமளவு அடங்கியது. இன்றைய 3 நிமிட நிறுத்தத்தின் வேர் அது. 60 அடி வேகமும் 30 அடியாக, அதாவது 9 மீட்டராகக் குறைந்தது.

அட்டவணை கைக்கடிகாரத்துக்குள் புகுந்ததும் ஒரு பிரதியெடுப்புக் கதைதான். ஸ்விட்சர்லாந்தின் சூரிக்கில் ஆல்பர்ட் ப்யூல்மான் என்ற மருத்துவர், ஹால்டேனின் கணக்கை மலை ஏரிகளுக்கும் பொருந்தும்படி விரித்து எழுதினார். 1983ல் எல்லாச் சூத்திரங்களையும் ஒளிவுமறைவில்லாமல் புத்தகமாகப் போட்டுவிட்டார். டைவ் கம்ப்யூட்டர் செய்யத் தொடங்கிய நிறுவனங்களில் பல அதை எடுத்துக் கருவிக்குள் போட்டுக்கொண்டன. இன்று மணிக்கட்டில் இன்னும் எத்தனை நிமிடம் என்று எண் ஓடும்போது, லண்டன் ஆடுகளின் காலும் அதில் இருக்கிறது.

ஸ்கூபாவில் அவசர நிலைமை என்றாலே குமிழி நோய் என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் கொல்வது பெரும்பாலும் அதைவிடச் சாதாரணமான ஒன்று, காற்று தீர்ந்துபோவது. 1992 முதல் 2003 வரை நடந்த 947 ஸ்கூபா மரணங்களை டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க் என்ற அமைப்பு ஆராய்ந்தது. எது தொடக்கக் காரணம் என்று கண்டுபிடிக்க முடிந்தவற்றில் 41 விழுக்காடு காற்றுத் தீர்ந்ததில் தொடங்கியிருந்தன. சிக்கிக்கொண்டது 20, கருவிக் கோளாறு 15. காற்றுத் தீர்ந்ததும் பீதி வருகிறது. பீதியில் மேல் நோக்கிப் பாய்கிறார்கள், மூச்சை அடக்கிக்கொண்டு. அங்கே பாயிலின் விதி கொல்கிறது. 10 மீட்டரில் நுரையீரல் நிறைய இழுத்த காற்று மேலே வரும்போது இரண்டு மடங்காகிறது. போக வழியில்லாவிட்டால் நுரையீரலைக் கிழித்து ரத்தத்தில் கலந்து மூளைக்குப் போகிறது. இதற்கு ஆழமே தேவையில்லை, நீச்சல் குளத்தின் ஆழமான பக்கமே போதும். அதனால்தான் எந்த வகுப்பிலும் முதல் பாடம், மூச்சை ஒருபோதும் அடக்காதே என்பது.

காற்றுத் தீர்வதற்கான மருந்தும் படிப்படியாகத்தான் வந்தது. ஆரம்பத்தில் சிலிண்டரில் மிச்சம் எவ்வளவு என்று காட்டும் மானியே கிடையாது. மூச்சு இழுக்கக் கஷ்டமானதும் முதுகுப் பக்கம் ஒரு கம்பியை இழுத்தால் கடைசிக் கொஞ்சம் காற்று திறக்கும். வழியில் எதிலாவது உரசி அது முன்பே திறந்திருந்தால் கதை முடிந்தது. ஜோடியில் ஒருவருக்குக் காற்று நின்றால், ஒரே வாய்க்கருவியை இருவரும் மாற்றி மாற்றிக் கடித்துக்கொண்டு ஏற வேண்டும். பீதியில் இருப்பவர் வாங்கியதைத் திருப்பித் தருவாரா? 1960களின் நடுவில் பஹாமாஸில்தான் ஒரே சிலிண்டரில் இரண்டாவது வாய்க்கருவியைச் சேர்த்துப் பார்த்தார்கள். இன்று மஞ்சள் குழாயோடு எல்லோர் பக்கத்திலும் தொங்குவது அதுதான்.

எனக்கு மிகவும் பிடித்தது, ஃப்ளோரிடாவின் நீருக்கடிக் குகைகளிலிருந்து வந்த ஒரு பழக்கம். 1960கள், 70களில் அங்கே நூற்றுக்கணக்கானவர்கள் செத்தார்கள். ஷெக் எக்ஸ்லி என்ற இளைஞர் அந்த மரணங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பிரித்துப் படித்தார். யாரையும் பழிக்காமல், எந்த இடத்தில் என்ன செய்திருந்தால் பிழைத்திருப்பார் என்று மட்டும் கேட்டு, 1979ல் ஒரு சிறு நூலாக எழுதினார். வாசல் வரை அறுபடாத கயிறு வேண்டும். காற்றில் மூன்றில் ஒரு பங்கு போக, ஒரு பங்கு வர, மூன்றாவது பங்கு கூட வந்தவருக்கு. இந்த மூன்றாவது பங்கு குகைக்கு வெளியேயும் பரவிவிட்டது. தன் சிலிண்டரில் இன்னொருவருக்கான மூச்சையும் கணக்கில் எழுதி வைத்த அந்த விதியைவிட மேலான ஒன்றை இந்த வரலாற்றில் நான் பார்க்கவில்லை.

இவ்வளவும் கிடைத்த பிறகும் பயணம் முடியவில்லை. மத்திய அமெரிக்காவில் ஹோண்டுராஸின் மிஸ்கிட்டோ மக்கள் சிங்கி இறாலுக்காகப் பழைய சிலிண்டர்களோடு ஒரு நாளைக்குப் பல முறை இறங்கினார்கள், மானி இல்லாமல், பயிற்சி இல்லாமல். முடங்கியவர்களும் இறந்தவர்களின் குடும்பங்களும் தொடுத்த வழக்கில், அமெரிக்க நாடுகளின் மனித உரிமை நீதிமன்றம் 2021ல் 42 டைவர்களின் உரிமைகளை அரசு காக்கத் தவறியது என்று தீர்ப்பளித்தது. கலிம்னோஸின் கதை நூறு ஆண்டு கழித்து வேறு கடலில், வேறு முன்பணத்தோடு.

மன்னார் வளைகுடாவிலும் அதே கருவி வந்துவிட்டது. தூத்துக்குடிப் பக்கம் சங்கு குளிக்கிறவர்கள் வாயில் கடித்த குழாயோடு இறங்குகிறார்கள். படகில் ஓடும் கம்ப்ரசர் காற்றை அனுப்புகிறது. இலங்கைக் கரையில் கடலட்டைக்கும் சங்குக்கும் சிலிண்டர் கட்டி ஒரே நாளில் திரும்பத் திரும்ப இறங்குகிறார்கள். மூச்சடக்கிக் குளித்த தாத்தாவுக்கு வராத நோய் பேரனுக்கு வருகிறது. மேலே வந்தபின் கால் மரத்துப்போனாலோ, சிறுநீர் பிரியாவிட்டாலோ, மூட்டு குடைந்தாலோ அது வாயுப் பிடிப்பு அல்ல. உடனே மல்லாக்கப் படுக்க வைத்துச் சுத்தமான ஆக்ஸிஜன் கொடுக்க வேண்டும், அழுத்த அறை இருக்கும் மருத்துவமனைக்குக் கொண்டு போக வேண்டும். வலி போகட்டும் என்று அவரை மறுபடி கடலுக்குள் இறக்கிவிடும் பழக்கம் பல நாட்டு மீனவர்களிடம் இருக்கிறது. போல், வத்தேல் கண்ட உண்மையின் ஒரு பாதி அது. உதவியில்லாமல், சாதாரணக் காற்றோடு, களைத்த உடம்போடு இறங்குகிறவர் பல நேரம் இன்னும் மோசமாகித் திரும்புவார்.

இவர்களுக்கு விலையுயர்ந்த கைக்கம்ப்யூட்டர் வேண்டாம். தமிழில் அச்சடித்து பிளாஸ்டிக் உறை போட்ட ஓர் அட்டவணை, எத்தனை பாகத்தில் எத்தனை நிமிடம், ஏறும்போது எங்கே எவ்வளவு நேரம் நிற்பது என்று. ஏறும் கயிற்றில் 3 பாகத்தில், அதாவது அந்த 5 மீட்டரை ஒட்டி, ஒரு முடிச்சு. படகில் ஓர் ஆக்ஸிஜன் சிலிண்டரும் முகமூடியும். வோக்ளூஸில் குஸ்தோவைக் கொல்லப் பார்த்த அதே புகை, டீசல் எஞ்சினுக்குப் பக்கத்திலேயே கம்ப்ரசரை வைத்திருக்கும் எந்தப் படகிலும் உள்ளே போகும். கம்ப்ரசரின் உறிஞ்சு வாயை எஞ்சினிலிருந்து விலக்கி, காற்று வரும் பக்கமாக உயர்த்திக் கட்ட ஒரு பிளாஸ்டிக் பைப்பும் இரண்டு கவ்வியும் போதும்.